முள் இல்லாத தொண்டை

என் வலக்கையின் இரண்டு விரல்களைப் பற்றி நான் நெடுங்காலம் பெருமை கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எவ்விதம் கலைந்தது என்பதை எழுதிவைப்பது கடமை என்று தோன்றுகிறது.

தாம்பரம் கிழக்கில் பிராணிகளுக்கான ஒரு தனியார் மருத்துவமனையில் நான் உதவியாளனாக இருக்கிறேன். நான் கல்லூரியில் பயின்றவன் அல்லன். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பிறகு மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த தாள்களைக் கூட்டிக் கூட்டிப் படித்தே ஆங்கிலத்தில் ஓரளவு தேர்ந்தேன். விலங்கைப் பிடித்து நிறுத்துவதும், துணிப்பட்டையால் அதன் வாயைக் கட்டுவதும், முன்னங்காலில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவதும், அறுவையின்போது மயக்கத்தின் ஆழத்தைக் கண்காணிப்பதும் என் பணிகள். வருகிறவர்களில் பலர் என்னைக் 'கம்பவுண்டர்' என்று அழைப்பார்கள். சிலர் 'டாக்டர்' என்பார்கள். இந்த இரண்டாவது அழைப்பை நான் ஒருபோதும் திருத்தியதில்லை.

இப்பணிகளுக்கு அப்பால், தொண்டையில் சிக்கிய முள்ளை எடுக்கும் திறமை எனக்கென்று இருந்தது. மீன் தலையும் கோழி எலும்பும் தின்னும் நாய்களும் பூனைகளும் இப்பகுதியில் ஏராளம். கருவி கொண்டு தேடினால் சதை கிழியும். கையுறை அணிந்தால் மயிரிழை போன்ற முள் விரலுக்குத் தட்டுப்படாது. ஆகையால் வெறுங்கையையே உள்ளே செலுத்துவேன். விரல் நுனிக்கு ஒரு கணத்தில் விளங்கிவிடும். 'கைராசிக்காரர்' என்ற பெயர் கடற்கரைக் குப்பங்கள் வரை பரவியிருந்தது. இரண்டு நிமிட வேலைக்குச் சீட்டு எதற்கு என்று சொல்லி, அத்தகையவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதாமலேயே அனுப்பிவிடுவேன். எங்கள் மருத்துவர் முப்பதைத் தாண்டியிராத பெண்மணி. கையுறை பற்றியும் பதிவேடு பற்றியும் என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். என் வயதுக்கு மரியாதை தந்து அதற்குமேல் வற்புறுத்தாமல் விட்டுவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். மருத்துவர் உள்ளறையில் புதிய உதவியாளன் ஒருவனை வைத்துக்கொண்டு ஒரு பூனைக்கு அறுவை செய்துகொண்டிருந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையில் சாக்கில் சுற்றிய செவலை நாய். அவர் உடம்பெல்லாம் மீன் வாடை.

"சார், முள்ளு மாட்டிக்கினு கீது சார். நேத்துலேர்ந்து வாய மூட மாட்டேங்குறான். எச்சி ஊத்திக்கினே கீது. இன்னான்னு பாரு."

"என்ன மீன் போட்டீங்க?"

"இன்னா மீனா? வித்தது போவ மிச்சம்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே சோறு, ஒரே கொழம்பு. நானே கைய வுட்டுத் தேடிப் பாத்தேன், ஆப்புடல. நீ கைராசிக்கார டாக்டருன்னு எங்காளுங்க சொன்னாங்க. அதான் பெரும்பாக்கத்துலேர்ந்து தூக்கியாந்தேன்."

நாயை மேசையில் கிடத்தினேன். அதன் கீழ்த்தாடை தொங்கியது. நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. விரல்களை உள்ளே செலுத்தினேன். முந்தைய நாள் ஒரு பூனை கீறிய கோடு என் மணிக்கட்டில் இன்னும் ஆறாமலிருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அந்த நாய் முரண்டு பிடிக்கவே இல்லை. தொண்டையில் விரல் பட்டால் எந்த நாயும் குமட்டும், தலையை உதறும், பல்லைக் காட்டும். இது ஓர் ஈரத்துணியைப் போல் கிடந்தது. இரண்டு முறை தேடினேன். நாக்கின் அடியில், கடைவாய்ப் பற்களின் இடுக்கில், தொண்டைக் குழியில் தேடினேன். முள் இல்லை.

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். மருத்துவர் வரும்வரை காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். ஆனால் அந்தப் பெண்மணி என் முகத்தையே நோக்கி நின்றுகொண்டிருந்தார். காத்திருந்த வேறு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"இருந்துச்சும்மா. கீழ தள்ளிட்டேன்," என்றேன். "கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும். சோத்தை உருண்டையா உருட்டி, தொண்டைக்குள்ள வச்சுத் தள்ளிவிடுங்க. மூணு வேளையும் குடுங்க. ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்."

மனிதருக்கு முள் சிக்கினால் வீட்டில் என்ன செய்வோமோ அதையே ஒரு மருத்துவ ஆலோசனையின் தோரணையில் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வெள்ளிக்கெழம பல்லாவரம் சந்தைல கடை போடணும் சார். அதுக்குள்ள தேறிடுவான்ல? இவன் பக்கத்துல இல்லன்னா எனக்கு யாவாரமே ஓடாது."

வாசலில் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நாய் முகத்தைப் புதைத்தது. நக்க முயன்றது. உள்ளே போன தண்ணீர் அத்தனையும் அப்படியே வெளியே வழிந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து சென்றபோது குரைத்தது. அது குரைப்பாக இல்லை. கம்மிப்போன தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வரும் ஓசையாக இருந்தது. ஷேர் ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது. நான் கையைக் குழாயில் காட்டி நனைத்துக்கொண்டு அடுத்த நாயைப் பிடித்தேன். ஆனால் அந்த ஓசை காதை விட்டு அகலவில்லை.

மருத்துவர் வெளியே வந்ததும், ஒரு முள் கேஸ் வந்து போனது என்று மட்டும் சொன்னேன்.

"எடுத்தீங்களாண்ணா?"

"இல்ல. கிடைக்கல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது. "கீழ்த்தாடை தொங்குச்சா?"

"ஆமா."

"தண்ணி முழுங்குச்சா? குரல் மாறியிருந்துச்சா?"

என் முகமே பதில் சொல்லியிருக்கும்.

"க்ளவுஸ் போட்டீங்களா?"

வெறிநோய் எல்லா நாயையும் தெருவில் ஓடி ஓடிக் கடிக்க வைப்பதில்லை. ஊமை வெறி என்று ஒரு வகை உண்டு. தாடைத் தசை செயலற்றுப்போய் வாய் திறந்தபடி நிற்கும், எச்சில் வழியும். பார்ப்பவர்கள் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றே எண்ணுவார்கள். அந்த எச்சில் சிறு கீறல் வழியே உடம்பில் புகுந்து, நோய் வெளிப்பட்டுவிட்டால் பிறகு மருத்துவமே இல்லை. இவை யாவும் எனக்குத் தெரியாதவை அல்ல. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். 'முள்' என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் என் விரல்கள் முந்திக்கொண்டன. அறிவு பின்தங்கிவிட்டது.

மருத்துவர் என்னைக் குழாயடியில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவச் செய்தார். "நீங்க முன்னாடியே தடுப்பூசி போட்டவரு. இன்னும் ரெண்டு ஊசி போட்டா போதும்," என்றார். பிறகுதான் கேட்டார்: "அந்தம்மா? அவங்க கைய விட்டாங்களா?"

"விட்டேன்னு சொன்னாங்க."

"நம்பர் குடுங்க. உடனே கூப்பிடணும்."

பதிவேட்டைத் திருப்பினார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அந்தப் பெண்மணி வந்ததற்கு அடையாளமே இல்லை. சோற்று உருண்டையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை ஊசி போட்ட கை வலிக்க வலிக்கப் பெரும்பாக்கம் போய் இறங்கினேன். அடுக்கடுக்காய் நிற்கும் குடியிருப்புகள் யாவும் ஒரே நிறம், ஒரே சன்னல். எந்தக் கட்டடத்திலிருந்து தொடங்குவது என்று விளங்கவில்லை. முதல் கட்டடத்தின் அடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம், மீன் விற்கும் அம்மாள், செவலை நாய் வைத்திருக்கிறார், தெரியுமா என்று கேட்டேன்.

"இங்க பாதி சனம் மீன் யாவாரம்தான்யா. எல்லா நாயும் செவலதான். பேரு இன்னா?"

"தெரியாது."

"எந்த பிளாக்கு?"

"தெரியாது."

"பேரும் தெரியாது, பிளாக்கும் தெரியாது. இந்த வயசுல பொம்பளயத் தேடிக்கினு வந்துட்டியா பெர்சு?" என்றாள் ஒருத்தி. குடங்களுக்கு நடுவே சிரிப்பு எழுந்தது. வெறிநோய் என்ற சொல்லை நான் அங்கே உச்சரிக்க அஞ்சினேன். அச்சொல் காதில் விழுந்தால் அங்கிருக்கும் செவலை நாய்கள் அத்தனையும் மறுநாள் உயிரோடு இருக்குமா என்பது ஐயம்.

புதன்கிழமை வேலைக்கு முன்பும் போனேன், வேலைக்குப் பின்பும் போனேன். வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். படிகளில் ஏறி இறங்கினேன். கதவு கதவாகத் தட்டினேன். மீன் கூடை சாத்தி வைத்திருந்த வாசல்களில் காத்து நின்றேன். வந்தவர்கள் வேறு வேறு பெண்கள். மூன்று நாட்களும் என்னால் நிம்மதியாகச் சோறு உண்ண இயலவில்லை. தட்டில் கை வைக்கும் ஒவ்வொரு வேளையும், இந்நேரம் அவரும் சோற்றை உருட்டிக்கொண்டிருப்பார் என்ற நினைவு வரும். மீன் செதிலும் அரிவாள்மணையும் கீறிவைத்த அந்த விரல்கள் உருண்டையோடு எச்சிலுக்குள் போவது கண்ணில் தெரியும். நாயைத் தூக்கி வந்த நாளில் அவருக்கு நேர்ந்திருக்கக்கூடிய ஆபத்து தற்செயலானது. அதன் பிறகு வேளைக்கு வேளை அவருக்கு நேர்ந்துகொண்டிருந்தது என் வாக்கினால் விளைந்தது. உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் சந்தை கூடுவதற்கு முன்பே பல்லாவரம் போய்ச் சேர்ந்தேன். "கண்டுபிடிச்ச உடனே போன் பண்ணுங்க, நான் வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பழைய மிக்சிகள், பூச்செடிகள், கூண்டில் அடைத்த லவ் பேர்ட்ஸ், துருப்பிடித்த ஸ்பேனர்கள் ஆகியவற்றைக் கடந்து, வாடையைப் பின்பற்றிக் கருவாட்டுக் கடைகள் இருந்த வரிசைக்குப் போனேன். நான்கு முறை மேலும் கீழும் நடந்தேன். ஐந்தாம் முறை, வரிசையின் கடைசியில், நெத்திலிக் குவியலுக்குப் பின்னால் அவர் அமர்ந்திருந்தார். பக்கத்தில் நாய் இல்லை.

அவரே முதலில் பேசினார்.

"வா டாக்டரு. இன்னாத்துக்கு இம்மாந் தூரம்? அவன் நேத்து காலைலயே பூட்டான்."

அருகில் பூண்டு விற்றுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "யாருக்கா இது? மாமாவா?"

"சீ, வாய மூடுடி. நாய் டாக்டரு." என் பக்கம் திரும்பினார். "முள்ளத் தள்ளிட்டேன்னு சொன்னியே சார். நீ சொன்னா மாரியே மூணு வேளையும் ஊட்டுனேன். பெத்த புள்ளைக்குக்கூட இப்டி ஊட்டல. ஒரு உருண்ட உள்ள போவல. வாயிலயே நின்னுச்சு. நானும் தள்ளித் தள்ளிப் பாத்தேன்."

தள்ளிக் காட்டிய கையைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலில் ஒரு வெட்டு, கட்டை விரலின் ஓரத்தில் இரண்டு. ஒன்றில் இன்னும் சிவப்பு காயவில்லை. நான் தரையில் அமர்ந்தேன். நின்றுகொண்டு சொல்லக்கூடிய செய்தியாக அது எனக்குப் படவில்லை.

"முள் இல்லம்மா. அன்னைக்கே இல்ல. இருந்துச்சுன்னு நான் பொய் சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"அது வெறிநோய். எச்சில்லேர்ந்து காயம் வழியா மனுசங்களுக்கு வரும். நீங்க இப்பவே ஊசி போட்டாகணும். இன்னைக்கே."

"அவன் யாரையும் கடிக்கலயே. என் கையக்கூடக் கடிக்கல. வெறி புடிச்சா தெருத்தெருவா ஓடாது? இவன் மூலைல குந்திக்கினு என்னியே பாத்துக்கினு இருந்தான்."

"கடிக்க வேண்டியதில்லம்மா. எச்சிலே போதும். உங்க விரலைப் பாருங்க."

அவர் விரலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ டாக்டரு இல்லியா?"

"இல்ல. கம்பவுண்டர்தான்."

"அப்பறம் எதுக்குய்யா உருட்டி ஊட்டச் சொன்ன?"

அவர் என்னை வைதார். சந்தையே திரும்பிப் பார்க்கும்படி வைதார். அந்த வசவுகளை இங்கே எழுதுவதற்கு என் கை கூசுகிறது. ஆனால் அவற்றுள் பொருந்தாத சொல் ஒன்றும் இருந்ததாக நினைவில்லை.

வைது முடித்துத் தராசைக் கையில் எடுத்துக்கொண்டார். "போ. சந்தைய வுட்டுட்டு இன்னிக்கி எங்கியும் வர்றதுக்கில்ல. நாளிக்கிப் பாக்கலாம்."

"நாளைக்குன்னு தள்ளக்கூடாதும்மா. ஏற்கெனவே மூணு நாள் போயிடுச்சு. நீங்க போயிட்டு வாங்க, கடைய நான் பாத்துக்கறேன்."

பூண்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "இவுரா? வெள்ள சட்ட போட்டுக்கினு? கருவாட்டுப் பேருன்னா தெரியுமா இவருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு குவியலைச் சுட்டினார். "இது இன்னா?"

"வாளை."

"இது?"

"சென்னாக்குன்னி."

"ம்." தம் விரல்களை முந்தானையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அச்சம் அப்போதுதான் உள்ளே இறங்கியது என்று கருதுகிறேன். "வலிக்குமாய்யா ஊசி?" என்றார், தணிந்த குரலில்.

மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஸ்கூட்டரில் வந்து சேரும்வரை, சந்தைக் குழாயில் சோப்புப் போட்டு அந்தக் கைகளைக் கழுவச் செய்தேன். இம்முறை கடிகாரத்தைப் பார்த்து நின்றவன் நான். மருத்துவர் வந்ததும் நான் சொல்ல அஞ்சியிருந்ததை அந்த அம்மாளே சொல்லிவிட்டார். "இதோ, இவுருதாம்மா சோத்த உருட்டி உள்ள தள்ளச் சொன்னாரு," என்று என்னைச் சுட்டிக் காட்டினார். மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

உச்சி வெயிலில், கருவாட்டுக் குவியல்களுக்குப் பின்னால் அமர்ந்து நான் கூவி விற்றேன். முதலில் குரல் எழவில்லை. "அப்டி முணுமுணுத்தா எவன் வருவான்? கத்து பெர்சு!" என்று பூண்டுக்காரி அதட்டினாள். கத்தினேன். இடையிடையே எழுந்து நின்று சாலையைப் பார்த்தேன். வழியில் இறங்கி ஓடிவிட்டால் என்ன செய்வது? ஊசியைக் கண்டு மறுத்துவிட்டால் என்ன செய்வது?

வெயில் சாய்ந்த பிறகு வந்தார். இரு புஜங்களிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. விரல்கள் வீங்கியிருந்தன. "காயத்துலயே குத்திட்டாங்கய்யா," என்றார். என்னை எழுப்பிவிட்டுத் தம் இடத்தில் அமர்ந்தார்.

நாயின் உடலை, அவர் வசிக்கும் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலிமனையில் புதைத்திருந்தார். மருத்துவரும் நானும் மறுநாள் போனபோது அங்கே ஜே.சி.பி. மண்ணைப் புரட்டிப் போட்டிருந்தது. ஆகவே அது வெறிநோய்தானா என்பதைச் சோதனை செய்து உறுதி செய்யும் வழி அடைபட்டது. "வெறின்னே வச்சுக்கணும்ணா," என்றார் மருத்துவர். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "உருண்டை விஷயத்தை அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் போலீஸ்ல சொல்லியாவது தேடியிருப்பேன்." அவர் என்னை வேலையிலிருந்து நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. அதுவும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அந்த அம்மாளுக்குப் போடவேண்டிய மீதி ஊசிகளுக்கு ஒவ்வொரு முறையும் நானே உடன் சென்றேன். ஒருமுறை கூடத் தவறவில்லை. ஊசிகள் முறையாகப் போடப்பட்டாயிற்று, பயமில்லை என்கிறார் மருத்துவர். ஆயினும் மூன்று நாள் தாமதித்துத் தொடங்கியவை அவை. இந்த நோய் சில வாரங்களில் தலைகாட்டலாம், பல மாதங்கள் ஒளிந்தும் இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். தொண்டைதான் காட்டிக்கொடுக்கும். நீரை விழுங்க இயலாது.

இப்போது கையுறை அணிந்தே தொடுகிறேன். விரல்கள் பாதி குருடானது போல் இருக்கிறது. வருகிறவர்களின் பெயர், தொலைபேசி எண், வீட்டு எண் மூன்றையும் எழுதாமல் எவரையும் அனுப்புவதில்லை. 'டாக்டர்' என்று யாரேனும் அழைத்தால் உடனே திருத்துகிறேன். இத்தனையும் செய்துவிட்டு இரவில் உறங்கவும் முயல்கிறேன்.

சந்தை நாள் தவிர மற்ற நாட்களில் அவர் மேடவாக்கத்தில், சிக்னலுக்குச் சற்றுத் தள்ளி மீன் விற்கிறார். கோவிலம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரும் நான் அங்கேதான் பேருந்து மாறவேண்டும். தண்ணீர் லாரிகளுக்கும் ஐ.டி. கம்பெனி வண்டிகளுக்கும் இடையில் புகுந்து சாலையைக் கடந்து, தினமும் இரண்டு தேநீர் வாங்கிக்கொண்டு போவேன். அவர் குடிப்பதை நின்று பார்ப்பேன். முதல் மிடறு உள்ளே இறங்கும் வரை என் தேநீரை நான் தொடுவதில்லை. எதற்காக வருகிறேன் என்று நான் சொன்னதில்லை. அவர் எப்போதோ கண்டுகொண்டுவிட்டார்.

மாதங்கள் சில கடந்துவிட்டன. இன்று காலையும் போனேன்.

"ஆஜராயிட்டியா? இன்னும் நான் சாவலன்னு பாக்க வந்தியா?"

தேநீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அதோடு விடாமல், காலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டார். கழுத்து ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். குடித்து முடித்தவர், மீன் வாங்க நின்றிருந்தவர்களின் எதிரிலேயே என் பக்கம் திரும்பி, வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

"நல்லாப் பாத்துக்கோ. முள்ளு கீதா?"

"இல்லம்மா," என்றேன்.

"அப்ப கெளம்பு. பஸ்ஸு வருது."